கிலுகிலுப்பைக்கு மூடி எதற்கு?

மே மாதம் வந்துவிட்டால் பிள்ளைகளின் மூக்கிலிருந்து கடலை எடுப்பதும் என் வேலைகளில் ஒன்றாகிவிடும். பாளையங்கோட்டையில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருக்கிறேன்.

போன கோடையில் ஓர் ஆச்சி நாலு வயதுப் பேரனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார். "டாக்டரம்மா, மூணு நாளா இவனுக்கு ஒத்த மூக்கு மட்டும் ஒழுகுது. நாத்தம் தாங்க முடியல." ஒற்றை மூக்கு, கூடவே நாற்றம் என்றால் சளியைவிட உள்ளே எதையாவது போட்டிருக்கிறானா என்றுதான் முதலில் பார்ப்போம். விளக்கைப் பிடித்துப் பார்த்தால், ஊறிப் பருத்த கொண்டைக்கடலை! வீட்டில் அக்காக்காரி தண்ணீர் பாட்டிலில் கடலை போட்டுக் கிலுக்கு செய்திருக்கிறாள். மூடியைத் திருகிவிட்டால் போதும் என்று பெரியவர்களும் விட்டுவிட்டார்கள். நாலு வயதுக்காரனுக்குத் திருகு மூடி ஒரு பொருட்டா?

"இனிமே வீட்டுல கொட்டும் வேண்டாம், முழக்கும் வேண்டாம்" என்றார் ஆச்சி. அது மட்டும் கூடாது என்றேன். வீட்டுச் சாமானில் தாளம் போடுவது நம் ஊருக்குப் புதிதா என்ன? வில்லுப்பாட்டில் வில்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது ஒரு மண்குடம்தானே. பழைய கிலுகிலுப்பையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கோயில் கொடைத் திருவிழாவில் விற்கும் பனையோலைக் கிலுகிலுப்பைக்கு மூடியே கிடையாது. பின்னும்போதே கல்லையோ விதையையோ உள்ளே போட்டு ஓலையால் அடைத்துவிடுவார்கள். ஓலை கிழிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். நாம் செய்யும் கிலுக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும், திறக்கவே முடியாததாக.

பாட்டிலைக் கழுவி ஒரு நாள் முழுக்க வெயிலில் காய வையுங்கள். ஈரம் இருந்தால் உள்ளே பூஞ்சணம் பூக்கும். தானியத்தைக் கால் பாட்டில் அளவுக்குப் போட்டால் போதும், நிறைத்தால் ஓசை செத்துவிடும். மூடியின் மரையில் எம்-சீல் என்ற ஒட்டுப்பசையைத் தடவித் திருகி, அது இறுகிய பிறகு மேலே பிளாஸ்டிக் டேப் சுற்றுங்கள். இது பெரியவர்களின் வேலை. அப்புறம் இடுப்பு உயரத்திலிருந்து தரையில் பத்து தடவை போடுங்கள். முழு பலத்தோடு திருகிப் பாருங்கள். அசைந்தால் மறுபடி ஒட்ட வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில், செய்யும் இடத்தில் சிந்தியதையும் பொறுக்கி எடுக்க வேண்டும். சுமார் மூன்று சென்டிமீட்டர் அகலக் குழாய்க்குள் நுழையும் எதுவும் அந்த வயதுக்கு ஆபத்துதான்.

உள்ளே என்ன போடுகிறோம் என்பதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. குன்றிமணி பார்க்க அழகு, சத்தமும் நன்றாக இருக்கும். ஆனால் தோல் உடைந்த குன்றிமணியை மென்றால் உயிருக்கே ஆபத்து. மஞ்சள் அரளிக்கொட்டையும் ஆமணக்கு விதையும் அப்படியே. பழைய பொம்மையிலிருந்து கழற்றிய பட்டன் பேட்டரியை எந்தக் காரணம் கொண்டும் போடாதீர்கள். அது தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். மூக்கில் போனாலும் நடுச்சுவரில் ஓட்டை போடும். அரிசி, கேப்பை, உளுந்து என்று அடுப்படியில் இருப்பதே போதும். ஒவ்வொன்றுக்கும் ஓசை வேறு, அதைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகளுக்கு அரை நாள் ஓடிவிடும்.

கொட்டு செய்ய பால்பவுடர் டின்னோ அல்வா டப்பாவோ எடுக்கலாம். வெட்டிய தகர விளிம்பைக் குறடால் மடித்து டேப் ஒட்டுங்கள். பலூனை வெட்டி டப்பாவின் வாயில் கட்டுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கிழிந்த பலூன் துண்டு குழந்தையின் மூச்சுக்குழாய் வாயில் தோல் போல ஒட்டிக்கொள்ளும். சைக்கிள் கடையில் கேட்டால் பழைய டியூப் தருவார்கள், அதை இழுத்துச் சணல் கயிற்றால் கட்டலாம். இரண்டு டப்பா செய்து ஒன்றை இறுக்கமாகவும் மற்றதைச் சற்றுத் தொய்வாகவும் கட்டுங்கள். கணியான் கூத்தில் உச்சம், மந்தம் என்று மகுடம் என்ற தோல்கொட்டு இரண்டை வாசிப்பார்கள் இல்லையா, அந்த வித்தியாசம் வீட்டிலேயே கேட்கும்.

தட்டுவதற்கு ஸ்டீல் கரண்டி வேண்டாம். துணி சுற்றிய குச்சி போதும். அடைத்த அறையில் தகரத்தைக் கரண்டியால் அடிப்பது பிஞ்சுக் காதுக்கு நல்லதல்ல. பிள்ளைகளுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல் வரைதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சத்தம் மூன்று டெசிபல் கூடினால் கேட்கத் தகுந்த நேரம் பாதியாகிவிடும். வீட்டில் யார் மீட்டர் வைத்து அளக்கப் போகிறார்கள்? பக்கத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் தார்சாவுக்கோ (வீட்டுத் தாழ்வாரம்) மாடிக்கோ அனுப்பிவிடுங்கள்.

இதையும் மீறி மூக்கில் போட்டுவிட்டால் ஹேர்பின்னால் தோண்டாதீர்கள், உருண்டையான பொருள் இன்னும் உள்ளேதான் போகும். விவரம் தெரிந்த பிள்ளையென்றால் அடுத்த மூக்கை அடைத்து ஒரு தடவை சிந்தச் சொல்லலாம், வராவிட்டால் மருத்துவரிடம் வாருங்கள். காதில் பயறு போயிருந்தால் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றக் கூடாது. ஊறிப் பருத்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு. பேட்டரி என்ற சந்தேகம் வந்தாலே காலைவரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று புரையேறி இருமி, அப்புறம் சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும் காட்டிவிடுங்கள். மூச்சுக்குழாயில் இறங்கிய கடலை சில சமயம் நாள்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும்.

ஒரு வாரம் கழித்து அந்த ஆச்சி பேரனை மறுபடி காட்ட வந்தார். அக்காவும் கூட வந்து, டேப் சுற்றிய பாட்டிலை என் மேசையில் வைத்தாள். திருகிப் பார்த்தேன், அசையவில்லை. உள்ளே என்ன என்று கேட்டேன்.

"பச்சரிசி டாக்டர். கடலையெல்லாம் ஆச்சி ஒளிச்சு வச்சுட்டாவ."