மாறிவழி நிபந்தனை

நூற்றுக்கணக்கான சர்வர்களை ஒரே ஸ்கிரிப்டால் பராமரிப்பவர்களின் பேச்சில் 'வேரியபிளை கண்டிஷனா வை' என்ற தொடர் அடிக்கடி அடிபடும். ஒரு மாறியில் இருக்கும் மதிப்பைப் பார்த்து, அடுத்த வேலையைச் செய்வதா விடுவதா என்று ஸ்கிரிப்டையே முடிவெடுக்கச் செய்வதுதான் இது. இதற்குத் தமிழில் 'மாறிவழி நிபந்தனை' என்று சொல்லலாம்.

வேரியபிள் இலத்தீன் மூலத்தில் 'மாறக்கூடியது'. தமிழில் மாறு என்ற வினையோடு இகரம் சேர்ந்து மாறி ஆனது, மாறாதது மாறிலி. இந்த இரண்டும் கணிதப் பாடநூல்களிலேயே நிலைத்துவிட்டவை. கண்டிஷனின் இலத்தீன் மூலம் கூடிப் பேசிச் செய்துகொள்ளும் உடன்பாட்டைக் குறித்தது. நாம் வழங்கும் நிபந்தனை வடமொழி வரவு. அதன் அடியில் இருப்பது 'கட்டு' என்ற பொருள். தனித்தமிழாகக் 'கட்டுப்பாடு' என்று மாற்றினால் கன்ட்ரோல் என்ற வேறு பொருளுக்குப் போய்விடும், ஆகவே நிபந்தனையே இருக்கட்டும். ஸ்கிரிப்ட் வரியைத் தமிழில் வாசிக்கும்போது மட்டும் பழைய இலக்கணம் கைகொடுக்கிறது: தொல்காப்பியம் வினையெச்ச வாய்பாடுகளில் ஒன்றாகச் சொல்லும் 'செயின்'. 'கோப்பு இருப்பின் நகலெடு' என்பதற்குமேல் சுருக்கம் வேண்டியதில்லை.

நிபந்தனை மாறி என்று திருப்பிப் போட்டுவிடக் கூடாது. ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகள் (த்ரெட்கள்) ஒன்றுக்கொன்று காத்திருக்கப் பயன்படும் 'கண்டிஷன் வேரியபிள்' என்ற வேறொரு கருவிக்குத்தான் அது பொருந்தும்.

மாறி எந்த வகையில் நிபந்தனையாகிறது என்பது கருவிக்குக் கருவி வேறு. மார்க் பர்ஜெஸ் 1993-இல் ஆஸ்லோவில் தொடங்கிய, சர்வர்களின் அமைப்பைப் பராமரிக்கும் சிஎஃப்எஞ்சின் என்ற கருவியில் நிபந்தனைக்குப் பெயர் 'கிளாஸ்'. பொருள்நோக்கு நிரலாக்கத்தின் வகுப்போடு இதற்கு உறவு கிடையாது. 'இந்த இயந்திரத்துக்கு இது பொருந்தும்' என்ற அடையாளம் மட்டுமே. சூழல் என்பதே நல்ல தமிழ். லினக்ஸ் என்ற சூழல் அமைந்திருந்தால் அதன்கீழ் உள்ள வரிகள் நடக்கும். இங்கே மாறியை நிபந்தனையாக வைத்தால், அதன் மதிப்பு மெய்யா பொய்யா என்று கருவி பார்ப்பதில்லை. அந்த மதிப்பையே ஒரு சூழலின் பெயராக எடுத்துக்கொண்டு, அப்பெயரில் சூழல் இருக்கிறதா என்று தேடுகிறது. 'இஃப்வார்கிளாஸ்' என்ற பண்பு இதற்காகவே வந்தது. பின்னாளில் வெறும் 'இஃப்' என்றும் எழுதலாம் என்றானது.

சிக்கல் புள்ளியில் இருக்கிறது. சூழல்களைச் சேர்த்து எழுதும் கோவையில் (எக்ஸ்பிரஷன்) புள்ளிக்கு 'மற்றும்' என்று பொருள். மாறியில் புள்ளி கொண்ட சர்வர் பெயர் இருந்தால், கருவி அதை இரண்டு மூன்று சூழல்களின் கூட்டாகப் படித்துவிடும். பிழைச்செய்தி வராமலேயே வேலை நடக்காமல் போகலாம். பெயரை முதலில் 'கேனனிஃபை' என்ற செயற்கூற்றில் (ஃபங்ஷன்) போட்டு, புள்ளி, இணைப்புக்கோடு போன்றவற்றை அடிக்கோடாக மாற்றுவது இதனால்தான்.

இதே வேலைக்கான இன்னொரு கருவி ஆன்சிபிள் வேறு பக்கம் நிற்கிறது. அதில் நிபந்தனையை எழுதும் 'வென்' மதிப்பின் உண்மையைத்தான் கேட்கிறது. ஆனால் எந்த வகை மதிப்பு என்பதில் நெடுநாள் தாராளமாக இருந்தது. கட்டளை வரியில் 'பெயர்=மதிப்பு' என்று கொடுத்தால் எல்லாம் சரம்தான், அதாவது வெறும் எழுத்துத் தொடர்; பொய்யைக் குறிக்கும் 'ஃபால்ஸ்' என்ற எழுத்துகள்கூட வெறுமையில்லாத சரம். ஒரு காலத்தில் கருவி அந்தச் சரத்தையே கோவையாக மதிப்பிட்டு, பொய் என்று சரியாக ஊகித்தது. பிறகு அந்த வழக்கம் கைவிடப்பட்டதும், வெறுமையில்லாத சரம் என்பதாலேயே அதே வரி மெய் ஆகிவிட்டது. 2025-இல் வந்த 2.19 பதிப்பு, விளைவு பூலியனாக (மெய் அல்லது பொய்) இல்லாத நிபந்தனையை இயல்பாகவே பிழை என்று நிறுத்துகிறது. இது பலருக்கு எரிச்சல் தந்த மாற்றம். என் பார்வையில் காலம் கடந்து வந்த நல்ல மாற்றம். இதே வகைக் கருவியான பப்பெட்டும் இப்படியொரு திருப்பம் கண்டது: மூன்றாம் பதிப்பில் பொய்யாக இருந்த வெற்றுச் சரம், நான்காவதிலிருந்து மெய்.

மாறி வரையறுக்கப்படவே இல்லை என்பது பொய் என்பதிலிருந்து தனி நிலை. ஆன்சிபிளில் அதைக் கேட்க 'இஸ் டிஃபைன்ட்' உண்டு. அதை முதலில் எழுதி, பிறகு மதிப்பைப் பூலியனாக மாற்றும் 'பூல்' வடிகட்டியில் அதைச் செலுத்தினால், எந்த வழியில் மாறி வந்தாலும் நிபந்தனை ஒரே விடை தரும்.