கேன்சல்: குறுக்கே விழுந்த கோடு

புதிதாக வேலையில் சேர்ந்தால் 'கேன்சல்டு செக்' ஒன்று கேட்பார்கள். காசோலையின் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, நடுவே அந்தச் சொல்லைப் பெரிதாக எழுதிக் கொடுப்போம். கையெழுத்து போட மாட்டோம். கேன்சல் என்ற சொல் பிறந்ததே இப்படிப்பட்ட கோடுகளிலிருந்துதான்.

லத்தீனில் 'கான்செல்லி' என்றால் கிராதி, அதாவது குறுக்கும் நெடுக்குமான கம்பித் தடுப்பு. செல்லாமல் போன ஆவணத்தில் எழுத்தின் மேலேயே குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டார்கள். பார்க்கக் கிராதி மாதிரி இருந்தது. அந்தச் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பல்கலைக்கழக வேந்தரைக் குறிக்கும் 'சான்சலர்' கூட இதன் உறவுதான். நீதிமன்றக் கிராதியருகே நின்ற ஊழியருக்கு முதலில் இருந்த பெயர் அது.

தபால்தலையில் முத்திரை குத்துவதும் கேன்சல்தான். 1840இல் பிரிட்டனில் வந்த கறுப்பு நிற முதல் தபால்தலையில் சிவப்பு மையால் குத்தினார்கள். அதை எளிதாக அழித்துவிட்டு மறுபடி ஒட்ட முடிந்தது. அதனால் 1841இல் தபால்தலையைச் சிவப்பாக்கி, முத்திரையைக் கறுப்பாக்கினார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ரத்து' உடனே வாயில் வரும். அது அரபியின் 'ரத்', அதாவது திருப்புதல், மறுத்தல்; பாரசீகம், உருது வழியாக வந்தது. தேர்வு ரத்து, ரயில் ரத்து என்று வீடுவரை பழகிவிட்ட சொல்லை விரட்ட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஆனால் எல்லா இடத்திலும் அதையே ஒட்டினால் நம்மிடம் இருக்கும் சொற்கள் துருப்பிடித்துவிடும். கல்யாணம் ரத்தாவதில்லை, நின்றுபோகிறது. பயணத்தைக் கைவிடுகிறோம். குடும்ப அட்டையில் பெயரை நீக்குகிறார்கள். அனுமதியை விலக்கிக்கொள்கிறார்கள். நாள் மட்டும் மாறினால் அது தள்ளிவைப்பு. அதைப் போய் ரத்து என்றால் தப்பான செய்தியாகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'அடி'. "லிஸ்ட்ல என் பேரை அடிச்சுட்டாங்க" என்கிறோமே, லத்தீன்காரர் கண்ட அதே கோடுதான் அதிலும் இருக்கிறது. பின்னக் கணக்கில் மேலும் கீழும் உள்ள எண்ணை அடிப்பதும் அப்படியே.

ஆகவே கேன்சல்டு செக்கை 'அடித்த காசோலை' என்பேன். 'கோடிட்ட காசோலை' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அது கிராஸ்டு செக். செல்லுபடியாகும், பணம் கணக்கில் போய்ச் சேரும்.