ஓபெர்ஜ்: பிரெஞ்சுக் கிராமத்து விடுதிக்குத் தமிழில் என்ன பெயர்?

பிரான்சின் நடுவே, கான்தால் மலைப்பக்கம் ஒரு சிற்றூர். எரிமலைக் கருங்கல்லில் கட்டிய வீடுகள், ஒரு தேவாலயம், ஒரு ரொட்டிக்கடை, அப்புறம் ஒரு ஓபெர்ஜ். நானும் என் மனைவியும் போய்ச் சேர்ந்தபோது இரவு எட்டரை தாண்டிவிட்டது. கோடைக்காலம் என்பதால் வெளியே வெளிச்சம் மிச்சமிருந்தது. கதவைத் தள்ளி உள்ளே போய் வரவேற்பு மேசையைத் தேடினேன். அப்படி ஒன்றும் அங்கே கிடையாது. முழுக்கச் சாப்பாட்டு மேசைகள்தான். சமையற்கட்டிலிருந்து ஓர் அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "சாப்பிடுவீர்கள்தானே? ஒன்பது மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவேன்" என்றார். எங்கள் பெயரைக்கூட அதற்குப் பிறகுதான் கேட்டார். அறைச்சாவி கைக்கு வந்தது சாப்பாடெல்லாம் முடிந்தபின். ஒரு பித்தளைக் குண்டு கோத்த சாவி. சட்டைப்பையில் போட்டால் பை கிழிந்துவிடும், அவ்வளவு கனம்.

ஓபெர்ஜ் என்றால் என்ன என்பதற்கு அந்த வரிசையே விளக்கம். முதலில் சாப்பாடு, பிறகு படுக்கை. ஊர்ப்புறத்தில் ஒரு குடும்பம் நடத்தும் சாப்பாட்டுக்கடை. மாடியில் ஐந்தாறு அறை, அவ்வளவுதான். தங்காமல் சாப்பிட்டுவிட்டு மட்டும் போகலாம். சாப்பிடாமல் தங்க மட்டும் போனால் முகம் கொஞ்சம் வாடும். அறை வாடகையோடு இரவுச் சாப்பாடும் காலை உணவும் சேர்த்துப் பேசிக்கொள்வதற்கு 'தெமி பான்சியோன்' என்று பெயர், அரைச் சாப்பாட்டுக் கணக்கு. பகல் உணவும் சேர்ந்தால் முழுக்கணக்கு. ஓவியர் வான் கோ 1890 மே மாதம் ஓவேர் சூர் உவாஸ் என்ற ஊருக்கு வந்தபோது, அங்கே அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் காட்டிய விடுதியில் நாளுக்கு 6 பிராங்க் கேட்டார்கள். அவர் தானே தேடி, 3.50 பிராங்குக்குச் சோறும் அறையும் தரும் ஓர் ஓபெர்ஜைப் பிடித்தார். ரவூ குடும்பம் நடத்திய அந்த இடத்தின் மாடியறையில்தான் ஜூலை 29 அன்று இறந்தார்.

சரி, சொல்லுக்கு வருவோம். ஓபெர்ஜின் வேர் லத்தீன் அல்ல, ஜெர்மானியம். 'ஹரி' என்றால் படை. 'பெர்க்' என்றால் காத்தல், மறைத்தல். இரண்டும் சேர்ந்து 'ஹரிபெர்க்', படை தங்கும் காப்பிடம். ஜெர்மன் மொழியில் இன்றும் படைக்கு 'ஹேர்', விடுதிக்கு 'ஹெர்பெர்க'. இந்தச் சொல் பிரான்சின் தெற்கே வழங்கும் ஓக்சித்தான் மொழிக்குள் புகுந்து, 'ஓபெர்கோ' என்றாகி, அங்கிருந்து வடக்கே ஏறிப் பிரெஞ்சில் ஓபெர்ஜ் ஆனது. இத்தாலியில் 'ஆல்பெர்கோ'. ஸ்பெயினில் 'ஆல்பெர்கே', சாந்தியாகோவுக்கு நடந்து போகும் யாத்திரிகர் இரவு தங்கும் இடங்களுக்கு இதுதான் பெயர். ஆங்கிலத்தில் கப்பல் ஒதுங்கும் 'ஹார்பர்' இதே குடும்பம். பிரெஞ்சிலேயே இன்னொரு பிள்ளை உண்டு: 'எபெர்ஜே', தங்க இடம் கொடுத்தல். இணையதளங்களுக்குச் சர்வரில் இடம் கொடுப்பதையும் பிரெஞ்சுக்காரர்கள் இந்தச் சொல்லால்தான் சொல்கிறார்கள்.

படை தங்கும் இடம். இதைப் படித்தவுடன் தமிழ்க் காதுக்கு என்ன கேட்கிறது? படைவீடு! முருகனுக்கு ஆறு படைவீடு என்கிறோமே, அதேதான். போர்க்களத்துப் பாடிவீடு, பாசறை எல்லாம் இந்த இனம். வேருக்கு வேர் வைத்துப் பார்த்தால் ஓபெர்ஜுக்கு நேர்த்தமிழ் படைவீடுதான். ஆனால் நம் சொல் கோயில் பக்கம் போய்விட்டது, அவர்கள் சொல் சோற்றுப் பக்கம் போய்விட்டது. நடுவில் ஒரு காலத்தில் ஓபெர்ஜுக்கும் படைவாசனை இருந்தது. மால்டா தீவில் ஆட்சி செய்த புனித யோவான் சபை வீரர்கள், மொழிவாரியாகப் பிரிந்து தங்கிய மாளிகைகளுக்கு ஓபெர்ஜ் என்றே பெயர். வல்லெத்தாவில் உள்ள 'ஓபெர்ஜ் தெ கஸ்தீய்' இன்று அந்த நாட்டுப் பிரதமரின் அலுவலகம்.

இதன் அக்கம்பக்கத்துச் சொற்களையும் பார்த்துவிட வேண்டும். பிரெஞ்சுக் கிராமத்தில் தங்க இடம் தேடினால் நாலைந்து பலகைகள் கண்ணில் படும். எல்லாவற்றையும் நாம் 'ஹோட்டல்' என்று சொல்லிவிடுகிறோம். அவற்றில் ஒவ்வொன்றும் வேறு.

'ஒத்தேல்' லத்தீன் வழி. விருந்தினருக்கான இடம் என்ற 'ஹோஸ்பிதாலே' தேய்ந்து 'ஹோஸ்தேல்' ஆகி, நடுவிலிருந்த 'ஸ்' விழுந்து 'ஒத்தேல்' ஆனது. விழுந்த எழுத்தின் நினைவாக ஓகாரத்தின் தலையில் ஒரு குல்லாய்க்குறி மட்டும் நிற்கிறது. பிரெஞ்சில் ஒத்தேல் என்று எழுதியிருந்தாலே அறை கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. 'ஒத்தேல் தெ வீல்' நகராட்சி மன்றம். புதுச்சேரிக் கடற்கரையில் 2014இல் இடிந்து, பிறகு பழைய வடிவிலேயே எழுப்பப்பட்ட 'மேரி' (பிரெஞ்சில் நகராட்சி) கட்டடம் அந்த வகை. 'ஒத்தேல் தியூ' என்றால் பழைய தேவாலய மருத்துவமனை. தமிழ்நாட்டில் இந்தச் சொல் இன்னொரு திருப்பம் திரும்பியது. நமக்கு ஹோட்டல் என்றால் இட்லி, தோசை. தங்குவதற்கு லாட்ஜ். ஊர்ப்பெரியவர் ஒருவரிடம் "ஹோட்டல்ல தங்கினேன்" என்றால், சாப்பாட்டுக்கடை பெஞ்சிலா படுத்தாய் என்று கேட்பார்.

அந்த லாட்ஜுக்கும் ஒரு கதை உண்டு. ஜெர்மானிய 'லௌப்யா', அதாவது இலைதழையால் வேய்ந்த நிழல், சுத்தமான தமிழில் பந்தல். அது பிரெஞ்சில் 'லோஜ்' ஆகி, ஆங்கிலத்தில் லாட்ஜ் ஆகி, நம் பேருந்து நிலையத்துக்கு எதிரே வந்து நிற்கிறது. பிரெஞ்சு ஊர்களில் இதன் தம்பியான 'லோஜி' என்ற பெயரைப் பார்க்கலாம். குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகளின் கூட்டமைப்பு அது. நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், இத்தனை கணப்பு என்று அடுப்புச் சின்னத்தை எண்ணித் தரம் சொல்லும் வழக்கத்தை உண்டாக்கியவர்கள்.

'ஜீத்' என்பது எனக்கு மிகவும் பிடித்த சொல். படுத்தல் என்ற பழைய வினையிலிருந்து வந்தது. முயல் பதுங்கிப் படுக்கும் இடத்துக்கு ஜீத் என்பார்கள். கல்லறைகளில் 'இங்கே கிடக்கிறார்' என்று பொறிக்கும் 'சி ஜீ' என்பதும் அதே வேர்தான். தமிழில் கிட என்ற வினையிலிருந்து கிடை பிறந்ததைப் போல, ஆட்டுக்கிடை, மாட்டுக்கிடை என்கிறோமே அதைப் போல. இன்று ஜீத் என்பது கிராமத்தில் வாடகைக்குக் கிடைக்கும் தனி வீடு. சமையல் நம் பொறுப்பு. உழவர் வீடுகள் பாழாகாமல் இருக்கவும் நகரத்து எளிய குடும்பங்கள் விடுமுறைக்கு வந்து தங்கவும் வழிசெய்வதற்காக 1950களில் தொடங்கிய ஏற்பாடு இது. 'ஜீத் தெ பிரான்ஸ்' அமைப்பு 1955இல் உருவானது. இதற்குத் தமிழில் 'வாடகைக் குடில்' என்றால் போதும். கிடை என்று பெயர் வைக்க எனக்கு ஆசைதான், ஆனால் விருந்தாளி கோபித்துக்கொள்வார்.

'ஷாம்ப்ர் தோத்' என்பது வீட்டுக்காரர் தாம் குடியிருக்கும் வீட்டிலேயே சில அறைகளை ஒதுக்கித் தருவது. சட்டப்படி 5 அறை, 15 பேர். அதற்கு மேல் போனால் அது வேறு தொழில். காலை உணவு கட்டாயம் உண்டு. இதில் வரும் 'ஓத்' என்ற சொல்லில் ஓர் அதிசயம் இருக்கிறது: பிரெஞ்சில் வீட்டுக்கு வந்தவரும் ஓத், வரவேற்பவரும் ஓத். சொற்றொடரைப் பார்த்துத்தான் யார் யார் என்று பிரித்தறிய வேண்டும். லத்தீன் மூலத்திலேயே இந்த இரட்டைத்தன்மை இருந்தது. தமிழில் விருந்து என்ற சொல்லும் இப்படி உருமாறியதுதான். முதலில் அதற்குப் புதுமை என்று பொருள். 'விருந்தே தானும் புதுவது புனைந்த யாப்பின் மேற்றே' என்று தொல்காப்பியம் புதுவகைச் செய்யுளையே விருந்து என்கிறது. பிறகு புதிதாக வந்த ஆள் விருந்து ஆனார். 'செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்' என்று வள்ளுவர் சொல்வது அவரைத்தான். பிறகு அவருக்குப் போட்ட சோறும் விருந்து ஆனது. இன்று விருந்துக்குப் போனேன் என்றால் சாப்பாடுதான் நினைவுக்கு வருகிறது.

இப்போது முக்கியமான கேள்வி. ஓபெர்ஜைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் 'சத்திரம்' என்று போட்டுவிடுகிறார்கள். தமிழ் விவிலியத்தில் 'சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியினால்' என்று கிறிஸ்துமஸ் தோறும் கேட்டுப் பழகிய வரி இதற்கு ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சத்திரம் அறம் செய்யும் இடம். தஞ்சை மராட்டிய அரசர்கள் ராமேசுவரம் போகும் வழியெங்கும் கட்டிய சத்திரங்களில், ஒரத்தநாட்டு முத்தம்மாள் சத்திரம் போன்றவற்றில், வழிப்போக்கருக்குக் காசு வாங்காமல் சோறு போட்டார்கள். ஓபெர்ஜ் பிழைப்புக்காக நடத்தும் கடை. அன்பாக இருப்பார்கள், காலையில் பில்லும் வரும், அதில் ஊராட்சிக்குப் போகும் தங்கல் வரியும் சேர்ந்திருக்கும். போதாக்குறைக்கு, இன்று சத்திரம் என்றால் கல்யாணச் சத்திரம்தான் நினைவுக்கு வருகிறது. சாவடியைச் சொல்லலாமா என்றால், அதைச் சுங்கக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். வெறும் 'விடுதி' என்றால் மாணவர் விடுதி. மேலும் விடுதி என்ற சொல்லில் சோற்றுக்கு இடமே இல்லை.

உண்மையில் ஓபெர்ஜுக்கு மிக நெருங்கிய பொருள், பழைய ஊர்ப்பலகைகளில் தமிழ் எழுத்திலேயே எழுதியிருந்த 'போர்டிங் அண்டு லாட்ஜிங்'தான். கீழே சாப்பாடு, மேலே அறை. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளியே சாவியும் கொடுப்பார். கான்தாலில் அந்த அம்மாவைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது அந்தக் கல்லாதான். ஆனால் இதைத் தமிழ்ச்சொல் என்று சொல்ல முடியாது.

என் பரிந்துரை: உண்டுறைவிடம். உண்டு, உறையும் இடம். இது நான் காற்றிலிருந்து பிடித்ததல்ல. மாணவியர் தங்கிப் படிக்கும் அரசுப் பள்ளிகளுக்கு 'உண்டு உறைவிடப் பள்ளி' என்ற பெயர் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. நாளிதழ் படிக்கும் எவருக்கும் புரியும். 'உண்டுறை' என்று இன்னும் சுருக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம். உண்+துறை சேர்ந்தாலும் உண்டுறைதான்; சங்கப் பாடல்களில் அது ஊரார் குடிநீர் எடுக்கும் துறை. அந்த அழகான சொல்லை அதன் இடத்திலேயே விட்டுவிடுவோம். வகைகளைச் சொல்லவும் உண்டுறைவிடம் வசதியாக இருக்கிறது. கிழக்குப் பிரான்சின் வோஜ் மலையில் மாட்டுப்பண்ணைக்காரர்கள் தங்கள் பாலாடைக்கட்டியையும் காய்கறியையும் வைத்தே சமைத்துப் போடும் 'ஃபெர்ம் ஓபெர்ஜ்', 'பண்ணை உண்டுறைவிடம்' ஆகிவிடும்.

இன்னொன்று. ஓபெர்ஜைப் பார்த்து 'ஓபெர்ஜின்' என்ற கத்தரிக்காயையும் உறவு என்று சிலர் நினைப்பதுண்டு. உறவே இல்லை. ஓபெர்ஜின், கத்தலான் மொழி வழியாக அரபு 'அல் பாதின்ஜான்', அதற்கு முன் பாரசீகம், அதற்கும் முன் வடமொழி என்று பின்னோக்கிப் போகிறது. அந்த வடமொழிச் சொல்லுக்கும் மூலம் திராவிடம், நம் வழுதுணைதான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. ஔவைக்குப் புல்வேளூர்ப் பூதன் வரகரிசிச் சோற்றோடு வாட்டிப் போட்ட அதே வழுதுணங்காய்.

கான்தாலில் அன்று எங்களுக்குக் கிடைத்தது ட்ருஃபாத்: உருளைக்கிழங்கை மெல்லிய வில்லைகளாக வதக்கி, முதிராத புதுப் பாலாடைக்கட்டியைப் போட்டுக் கிளறி, இழுத்தால் நூல் நூலாக வரும்படி இறக்குவார்கள். பக்கத்தில் வைக்கும் பன்றி இறைச்சி வேண்டாம் என்றோம். அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் கீரைத்தட்டு ஒன்றைச் சேர்த்து வைத்தார். ஒன்பது மணிக்குத் தேவாலய மணி அடித்தது. இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் ஒன்பது அடித்தது. முதல் தடவை எண்ணத் தவறியவர்களுக்காக என்றார், அடுப்பை அணைத்துக்கொண்டே.