ஷாட்டின் ஓரத்தில் நிற்பவர்கள்

போராட்டங்களைப் பற்றிய டிவி ஆவணப்படங்களை எடிட் செய்கிறவள் நான். மேடையில் மைக் பிடிக்கிறவர்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை கிடையாது. கேமரா இருப்பது தெரிந்துதான் பேசுகிறார்கள். ஓரத்தில் வந்து போகிறவர்களைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பேன். தண்ணீர்ப் பாக்கெட்டை நீட்டிவிட்டு நகர்கிற பையன், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் இரண்டு நிமிஷம் நின்று கோஷம் போட்ட அம்மா. படத்துக்கு உயிர் கொடுப்பது இவர்கள்தான். ஒளிபரப்பான பிறகு தனியாக மாட்டிக்கொள்வதும் இவர்கள்தான்.

செல்போன் வந்த பிறகு முளைத்த பிரச்சினை இல்லை இது. 1871இல் பிரெஞ்சு அரசை எதிர்த்து எழுந்து, பாரிஸ் நகரத்தைச் சில வாரங்கள் கையில் வைத்திருந்த கம்யூன்காரர்கள், தடுப்பரண்களின் முன்னால் பெருமையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்துக் கேமராவுக்கு அசையாமல் நிற்க வேண்டும். அதனால் முகங்கள் நன்றாகவே விழுந்திருந்தன. அரசுப் படை நகரத்தைத் திரும்பப் பிடித்ததும், அந்த மாதிரிப் படங்களை வைத்தே போலீஸ் ஆட்களைத் தேடியது.

ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தது தெஹ்ரான் கதை. 2009 ஜூன் 20. தேர்தல் முடிவை எதிர்த்து ஈரானியர்கள் தெருவில் இருந்தார்கள். நெதா ஆகா-சொல்தான் என்ற 26 வயதுப் பெண் குண்டடி பட்டு ரோட்டிலேயே இறந்தார். செல்போனில் எடுத்த அந்த வீடியோ உலகம் முழுக்கப் போனது. டிவிக்காரர்களுக்கு, அவர் உயிரோடிருந்த காலத்துப் படம் ஒன்று வேண்டியிருந்தது. ஃபேஸ்புக்கில் தேடியதில் வேறொருவரின் படம் சிக்கியது. முதற்பெயர் அதேதான், குடும்பப் பெயரும் கிட்டத்தட்ட அதேதான். அவர் ஆங்கில இலக்கியம் நடத்துகிற ஆசிரியை. அந்தத் தெருவிலேயே இல்லாதவர். "அது என் போட்டோ, இறந்தவருடையது இல்லை" என்று அந்த ஆசிரியை சொல்லிப் பார்த்தும் டிவியில் ஓடிக்கொண்டே இருந்தது. ஊர்வலங்களில் அவர் முகத்தை ஏந்திப் போனார்கள். ஈரான் உளவுத்துறைக்கோ அவர் வேறு விதத்தில் தேவைப்பட்டார்: நெதா சாகவில்லை, எல்லாம் வெளிநாட்டு டிவிகளின் பொய் என்று காட்டுவதற்கு. இரண்டு வாரத்துக்குள் அவர் நாட்டை விட்டே ஓட வேண்டியதாயிற்று. கடைசியில் ஜெர்மனியில் அடைக்கலம்.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நேரம் இல்லை, அவ்வளவுதான். எடிட் ரூமில் எங்களுக்கும் நேரம் இருப்பதில்லை.

சரி, முகத்தை மறைத்துவிட்டால் போதாதா? போதாது. லேசாகக் கட்டம் கட்டமாக்கிய முகத்தைக் கம்ப்யூட்டர் ஓரளவு ஊகித்துவிடும். அதைவிட முழுக் கறுப்புப் பட்டை நல்லது. தலை சட்டென்று திரும்பும்போது மறைப்பு ஒரு ஃப்ரேம் பின்தங்கும். விநாடிக்கு 25 ஃப்ரேமில் அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நிறுத்திப் பார்க்கிறவனுக்கு அந்த ஒன்று போதும். குரலைக் கனமாக்கினாலும் திரும்ப மெல்லிசாக்கிவிடலாம். நான் வேறு ஆளை வைத்துப் படிக்கச் சொல்லிவிடுவேன். அப்புறம் சம்மதம். கூட்டத்தின் சூட்டில் "எடுங்க, பயமில்ல" என்பார்கள். ஒரு மாதம் கழித்து வீட்டில் உட்கார்ந்து கேட்டால் பதில் வேறாக இருக்கும். அந்த இரண்டாவது பதிலைத்தான் நான் கணக்கில் எடுப்பேன்.

ஒரு படத்தில், நான் மேலே சொன்ன அந்த அம்மாவின் முகத்தை ஒழுங்காக மறைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். கடைசி முறை போட்டுப் பார்க்கும்போது அசிஸ்டென்ட் தம்பி சொன்னான்: "அக்கா, அவங்க கையில இருக்கிறது எங்க ஊர் ஜவுளிக்கடைப் பை. எங்க தெருவுல காட்டினா நடையை வெச்சே யாருன்னு சொல்லிருவாங்க." பையில் கடைப் பெயரும் ஊர்ப் பெயரும் கொட்டை எழுத்தில் இருந்தன. நான் ஒரு வாரமாக முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உங்கள் போனில் இருக்கிற போராட்ட வீடியோவை ஃபார்வர்ட் செய்யும் முன்னால் ஒருமுறை சத்தமில்லாமல் ஓட்டிப் பாருங்கள். சத்தம் இருந்தால் கண் மேடைக்கே போகும். கடைப் பலகை, வண்டி நம்பர், பள்ளிச் சீருடை, பச்சை குத்திய கை எல்லாம் அப்போதுதான் தெரியும். யூடியூபில் 2012இலிருந்து முகத்தை மறைக்கும் வசதி இருக்கிறது. சிக்னல் என்ற மெசேஜ் செயலியில் 2020இல் வந்தது. பையை மறைக்க உங்கள் கண்தான்.

அந்த அம்மாவின் ஷாட் படத்தில் இருக்கிறது. எட்டு விநாடி ஓட வேண்டியது, மூன்றாவது விநாடியில், கை மேலே வருவதற்குள் வெட்டிவிட்டேன். டைரக்டருக்கு இன்னமும் அதில் வருத்தம்தான்.