ரோலர் பல்லை எண்ணும் கால்

குன்னூர் பக்கம் எந்தத் தேயிலை ஃபேக்டரிக்குள் போனாலும் பேச்சை அமுக்குவது சி.டி.சி. (நசுக்கு, கிழி, சுருட்டு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) ரோலர்களின் இரைச்சல்தான். பல் வெட்டிய இரண்டு உருளைகள் மிக நெருக்கமாக எதிரெதிர்த் திசையில் சுழலும். ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 70 சுற்று, மற்றது 700. இந்த வேக வித்தியாசத்தில்தான் வாடிய இலை நசுங்கி, கிழிந்து, சுருள்கிறது.

இந்த வேகங்களை ஒரு டிஜிட்டல் சிக்னல் பிராசஸர், அதாவது சிக்னல்களை வேகமாகக் கணக்கிடும் சிப், எப்படி அளக்கும்? ரோலரின் தண்டில் 60 பல் உள்ள சக்கரத்தைப் பொருத்தி, எதிரே ஒரு சென்சாரை வைக்கலாம். ஒரு பல் கடந்தால் ஒரு துடிப்பு. 60 பல் என்பதால், நொடிக்கு எத்தனை துடிப்போ நிமிடத்துக்கு அத்தனை சுற்று. அந்தத் துடிப்பு சிப்புக்குள் நுழைகிற வழிதான், உள்ளே நேரத்தை அளக்கும் டைமரின் உள்ளீட்டுக் கால் (பின்).

சரி, ஒரு நொடிக்கு எண்ணினால் போதாதா? வேக ரோலருக்குப் போதும். 700இல் ஒன்று பிசகினால் பெரிய தவறில்லை. மெது ரோலருக்கு 70இல் ஒன்று பிசகினால் ஒன்றரை சதவீதம் போய்விடும். அங்கே கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். துடிப்புகளை எண்ணாமல், இரண்டு துடிப்புக்கு இடையிலான நேரத்தை அளக்க வேண்டும்.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ்320எஃப்28335 சிப்பை எடுத்துக்கொள்வோம். 150 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 32 பிட் எண்ணி (கவுன்ட்டர்) ஒன்று உள்ளே இருக்கிறது. காலில் துடிப்பு ஏறிய கணத்தில், எண்ணி காட்டும் எண்ணை வன்பொருளே ஒரு பதிவேட்டில் (சிப்புக்குள் எண்ணைச் சேமிக்கும் இடம்) பிடித்து வைத்துவிடும். நிரல் அப்போது வேறு வேலையில் இருந்தாலும் பரவாயில்லை. பிறகு வந்து படித்துக்கொள்ளலாம், நேரம் பிசகாது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். மெது ரோலரின் சக்கரத்தில் இரண்டு பற்களுக்கு நடுவே அந்த எண்ணி சுமார் 21 லட்சம் எண்ணிவிடும். 70இல் ஒன்று எங்கே, 21 லட்சத்தில் ஒன்று எங்கே!

ஆனால் பெரிய மோட்டார்கள் ஓடும் இடத்தில் கம்பியில் பொய்த் துடிப்புகளும் வரும். அதற்காகவே தொடர்ந்து 3 அல்லது 6 முறை பார்த்து, ஒரே நிலை இருந்தால் மட்டும் ஏற்கும் வடிகட்டி காலிலேயே உண்டு. இன்னொன்று, இந்தக் கால் 3.3 வோல்ட்டுக்கானது. ஃபேக்டரி சென்சார்கள் பெரும்பாலும் 24 வோல்ட். நடுவே ஆப்டோகப்ளர் (துடிப்பை ஒளி வழியாகக் கடத்தும் பாகம்) போன்ற ஒன்று இல்லாமல் நேரடியாக இணைத்தால் சிப் போய்விடும்.

அப்புறம், வேகத்தைப் பிடிக்காத நேரத்தில் அதே காலை வெளியீடாகவும் மாற்றலாம். எண்ணி ஓர் எல்லை வரை ஏறும், பூஜ்யத்துக்குத் திரும்பும், மறுபடி ஏறும். நாம் குறித்த எண்ணைத் தொடும்வரை கால் உயர்ந்தே இருக்கும், பிறகு தாழும். சுற்றில் 40 சதவீத நேரம் உயர்ந்திருந்தால் சராசரி 1.32 வோல்ட். இலையை ரோலருக்குக் கொண்டுவரும் கன்வேயரை வேகப்படுத்தவோ மட்டுப்படுத்தவோ அந்தச் சராசரியைப் பெருக்கி, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவுக்குக் கொடுத்தால் போதும்.