பாடிக்கும் சேஸுக்கும் நடுவுல மரக்கட்டை: மலைல வண்டி ஓட்டுற எல்லாரும் ஒருதடவை கீழ படுத்துப் பாருங்க

போன மழை சீசன்ல பூம்பாறை பக்கத்துல இருந்து ஒரு தம்பி பொலேரோ கொண்டுவந்தாப்ல. புதுசா பெயின்ட் அடிச்சு, 31 இன்ச் டயர் போட்டு, முன்னாடி பெரிய பம்பர் வச்சு, பாக்க கம்பீரமாத்தான் இருந்துச்சு. "அண்ணே, ஸ்டியரிங்ல கொஞ்சம் பிளே இருக்கு, குழில இறங்கினா டக்குனு ஒரு சத்தம் வருது, டை ராடு எண்டு மட்டும் மாத்தி விட்ருங்க, மத்தியானம் பூண்டு எடுக்க ஆள் ஏத்திட்டுப் போகணும்"னு சொன்னாப்ல. டை ராடு எண்டை, அதான் டயரைத் திருப்பற ராடோட முனை மூட்டை, பிடிச்சு ஆட்டிப் பாத்தா அது நல்லாத்தான் இருக்கு. சரி, சத்தம் எங்க இருந்து வருதுன்னு பையனை விட்டு பாடிய ஆட்டச் சொல்லிட்டு நான் கீழ படுத்தேன். பாடிக்கும் சேஸுக்கும் நடுவுல, கம்பெனி ரப்பர் மவுண்ட் இருக்க வேண்டிய இடத்துல, மூணு இன்ச் உயரத்துக்கு தைலமரக் கட்டை. ஒவ்வொரு மவுண்ட்லயும் அதேதான். பையன் ஆட்ட ஆட்ட வலது பக்கம் நடுக்கட்டை தனியா சுத்துது, ஏன்னா அதுக்குள்ள போற போல்ட் லூசாயி எத்தனை நாளாச்சோ தெரியாது.

நான் கொடைக்கானல்ல 20 வருஷத்துக்கு மேல ஒர்க் ஷாப் வச்சிருக்கேன், ஜீப்பு, பொலேரோ, பிக்கப், தார் இதுகதான் எனக்குச் சோறு போடுது. மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி பக்கமெல்லாம் தோட்டத்துக்குள்ள போற வண்டிகளுக்கு உயரம் வேணும்ங்கறது எனக்கும் தெரியும், சும்மா ஆசைக்கு கேக்குறவங்க பாதின்னா நெஜமாவே சேத்துல மாட்டி அவஸ்தைப்பட்டு கேக்குறவங்க பாதி. ஆனா ரெண்டு மூணு வருஷமா இந்தக் கட்டை வைக்கிற வேலை அதிகமாயிருச்சு, வீடியோ பாத்துட்டு வெல்டிங் பட்டறைல ஒரே நாள்ல முடிச்சுக்கறாங்க, அதனாலதான் இதை எழுதுறேன்.

மொதல்ல பாடி லிஃப்ட்னா என்னன்னு சொல்லிடறேன். பொலேரோ, பழைய ஜீப்பு, தார், ஜிம்னி இதெல்லாம் அடில ஏணி மாதிரி ஒரு சேஸ், அதுக்கு மேல பாடின்னு ரெண்டு தனித்தனி பொருள். எஞ்சின், கியர் பாக்ஸ், ஆக்சில், சஸ்பென்ஷன் எல்லாம் சேஸ்ல இருக்கு. நீங்க, நான், சீட்டு, பெல்ட்டு, ஸ்டியரிங் வீல், பெடல் எல்லாம் பாடில இருக்கு. இந்த ரெண்டையும் பிடிச்சு வச்சிருக்கறது ரப்பர் மவுண்டும் அதுக்குள்ள போற போல்ட்டும் மட்டும்தான். பாடி லிஃப்ட்னா சேஸ் அங்கயே இருக்கும், பாடிய மட்டும் மேல தூக்கி நடுவுல எதையாவது சொருகறது.

இப்ப தைலமரக் கட்டைக்கு வருவோம். வெட்டி வச்ச அன்னைக்கு இரும்பு மாதிரிதான் இருக்கும், அதைப் பாத்துத்தான் எல்லாரும் ஏமாந்து போறாங்க. நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகைல நாள்கணக்கா நனையும், கட்டை தண்ணிய குடிச்சு ஊதும், போல்ட்டை டைட்டா இழுத்துப் பிடிக்கும். அந்த நேரத்துல இழுத்துப் பிடிச்சதுல மரத்தோட நார் நசுங்கிரும். அப்புறம் தை மாசம் பனி விழுந்து பகல்ல வெயில் காஞ்சா அதே கட்டை சுருங்கும், ஆனா பழைய அளவுக்கு வராது, அதைவிடக் கம்மியா போயிரும். அவ்ளோதான், நட்டு எவ்ளோ டைட் வச்சிருந்தாலும் அந்த இறுக்கம் காணாமப் போயிருச்சு. போல்ட்டு மவுண்ட்டை எப்படி பிடிக்குதுன்னு நிறைய பேருக்கு தப்பான நெனப்பு இருக்கு, போல்ட்டோட உடம்பு குறுக்க நின்னு தாங்குதுன்னு நெனைக்கறாங்க. அப்படி இல்லைங்க. போல்ட்டு ரெண்டு பக்கமும் இறுக்கி அமுக்குது, அந்த அமுக்கத்துல வர்ற உராய்வுதான் பாடிய நகர விடாம பிடிக்குது. இறுக்கம் போச்சுன்னா ஒவ்வொரு பிரேக்குக்கும், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் அந்த போல்ட்டு வளைஞ்சு வளைஞ்சு நிமிருது. கட்டை எவ்ளோ உயரமோ அவ்ளோ அதிகமா வளையும். ஒரு கம்பிய இப்படி அப்படி வளைச்சு ஒடிக்கறோம்ல, அதே கதைதான், என்ன கொஞ்சம் மெதுவா நடக்குது.

அந்தத் தம்பி வண்டில இன்னொண்ணும் இருந்துச்சு. ரெண்டு மவுண்ட்ல போல்ட்டே கிடையாது, ஹார்ட்வேர் கடைல நீளமா விக்கற மரை ராடை வெட்டி ரெண்டு பக்கமும் நட்டு போட்டிருந்தாங்க. போல்ட் தலைல 8.8, 10.9ன்னு எழுதியிருக்கறத பாத்திருப்பீங்க. மொதல் எண்ணை 100ஆல பெருக்கினா அந்த இரும்பு எத்தனை மெகாபாஸ்கல் (இழுவைய அளக்கற அலகு) இழுவைல அறும்னு அர்த்தம், 8.8ன்னா 800. புள்ளிக்குப் பின்னாடி இருக்கற 8, அதுல 80 சதவீதம், அதாவது 640 வரைக்கும் போனா அது திரும்ப சுருங்காம நீண்டே போயிரும்னு சொல்லுது. மார்க் இல்லாத சாதா ராடு 4.6 தரத்துல இருந்தாலே பெரிய விஷயம், அப்படின்னா 400, பாதி. குழாய் போடற வேலைக்கு வாங்கற ராடை வச்சு எட்டு பேர் உக்காந்திருக்கற பாடிய பிடிச்சு வச்சிருக்கோம்.

ஆனா என் கை நெஜமாவே நடுங்கினது கட்டையப் பாத்து இல்ல, ஸ்டியரிங் ராடைப் பாத்துத்தான். ஸ்டியரிங் பாக்ஸ் சேஸ்ல இருக்கு, ஸ்டியரிங் வீல் பாடில இருக்கு, நடுவுல ஒரு ராடும் கிராஸும் (கோணத்துலயும் சுத்தற மூட்டு) ரெண்டையும் சேக்குது, அந்த ராடு ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி பல்லு கவ்வி நிக்குது. பாடிய மூணு இன்ச் தூக்கினா அந்த ராடும் இழுபடும்ல? அதுக்கு எக்ஸ்டென்ஷன் எதுவும் போடல, பல்லு இருக்கற இடத்தை அப்படியே வெளிய இழுத்து விட்ருக்காங்க. உள்ள பிடிச்சிருந்த பல்லு என் சுண்டுவிரல் அகலம்கூட இல்ல. பிளேன்னு அவர் சொன்னதும் அதுதான், டக்குனு வந்த சத்தமும் கட்டை லூசாகி பாடி எகிறி விழற சத்தம்தான். பாடி எகிறறப்ப அந்த ராடும் சேந்து மேல போகுது, ஒரு பெரிய குழில இன்னும் கொஞ்சம் எகிறியிருந்தா பல்லு வெளிய வந்து, வீல் ஒரு பக்கம் சுத்தும், டயர் அதும்பாட்டுக்குப் போகும். பூம்பாறை ரோட்டுல ஒரு பக்கம் என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

பிரேக்கும் அப்படித்தான். மாஸ்டர் சிலிண்டர் பாடில, பைப்பு கீழ இறங்கி சேஸ்ல ஓடுது. கம்பெனில அந்தப் பைப்பை வளைச்சு வளைச்சு விட்ருக்கறது அழகுக்கு இல்ல, பாடியும் சேஸும் தனித்தனியா அதிர்றதத் தாங்கறதுக்கு. தூக்கினதுல அந்த வளைவெல்லாம் நீண்டு கம்பி மாதிரி விறைச்சு, கிளிப் கிட்ட உரசி பளபளன்னு ஆயிருந்துச்சு. கியர் லீவரும் பாருங்க, கியர் பாக்ஸ் கீழயே இருக்கு, ஓட்டை மட்டும் மேல போயிருச்சு, லீவர் ஓட்டை விளிம்புல இடிச்சு ரெண்டாவது கியர் முழுசா விழாது. வத்தலக்குண்டு இறக்கத்துல ரெண்டாவதுல விட்டுட்டு வர்றப்ப கியர் தன்னால நியூட்ரலுக்கு கழண்டா மொத்த வண்டியும் பிரேக்கு மேலதான் நிக்கும், அந்த பிரேக்கு பைப்பும் இப்படி இருந்தா என்ன பண்ணுவீங்க? டீசல் ஊத்தற ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், ரேடியேட்டர் ஃபேன் கவர் இதெல்லாமும் இழுபடும், வண்டிக்கு வண்டி மாறும். பாடியையும் எஞ்சினையும் சேக்கற எர்த் பட்டை இழுபட்டு அறுந்து போச்சுன்னா செல்ஃப் அடிக்கறப்ப கரன்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியா திரும்பிப் போகப் பாக்கும், கேபிள் சூடாகி உருகினத நானே பாத்திருக்கேன்.

இவ்ளோ ரிஸ்க் எடுத்து என்னதான் கிடைக்குதுன்னு அந்தத் தம்பிக்கு கணக்கு போட்டுக் காமிச்சேன். பொலேரோ கம்பெனி டயர் 215/75 ஆர் 15, அதோட உயரம் 27.7 இன்ச். இவர் போட்டது 31. வித்தியாசம் மூணேகால், அதுல பாதிதான் ஆக்சில் உயரும், அதாவது ஒண்ணரை இன்ச்சுக்கு கொஞ்சம் மேல. கல்லுல இடிக்கறது எது? பின்னாடி ஆக்சில் நடுவுல இருக்கற டிஃப்ரன்ஷியல் உருண்டை. அது ஏறினது அந்த ஒண்ணரை இன்ச்தான், அதுவும் டயரால ஏறினது. மூணு இன்ச் கட்டை அந்த உருண்டைய ஒரு நூல்கூட தூக்கல. பாடி மட்டும் மேல போயி, அதுக்குள்ள உக்காந்திருக்கற ஆளுங்க வெயிட்டும் மேல போயி, சரிவுல வண்டி சாயறதுக்கு ஈஸியாயிருச்சு. பெரிய டயர்னால ஸ்பீடோமீட்டர் 40 காட்டறப்ப நெஜத்துல 45 போகுது, பிரேக்கும் அதே பழைய பிரேக். தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

இதை நான் இவ்ளோ அழுத்திச் சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. நாலு வருஷம் முன்னாடி ஒரு வண்டி ஆயில் மாத்த வந்துச்சு. அதுல மரம் இல்ல, ஜிஐ பைப்பை துண்டு துண்டா வெட்டி வச்சிருந்தாங்க, பைப்போட விளிம்பு பாடி தகட்டை வட்டமா அறுத்துட்டு இருந்துச்சு. பாத்தேன். கஸ்டமர் அதைப் பத்தி கேக்கல, வேற பட்டறைல செஞ்ச வேலை, நாம ஏன் குறை சொல்லணும்னு ஆயிலை மாத்திட்டு அனுப்பிட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு மழைல வழுக்கி அந்த வண்டி சாக்கடைல இறங்குச்சு, வேகம் 20கூட இருந்திருக்காது. சேஸ் நின்னுருச்சு, பாடி நிக்கல. முன்பக்க போல்ட் அறுந்து பாடி ஒரு ஜாண் முன்னாடி நகந்து ஒரு பக்கமா சாஞ்சிருச்சு, பின்னாடி உக்காந்திருந்த ஒரு அக்காவுக்கு முட்டிக்குக் கீழ எலும்பு முறிஞ்சு போச்சு. அந்த வண்டிய தூக்கிட்டு வரப் போனது நான்தான். அந்தக்கா தோட்ட வேலைக்கு திரும்பப் போக ஏழு மாசம் ஆச்சு. நான் அன்னைக்கு ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கணும், அதை நெனச்சா இன்னைக்கும் மனசு கிடந்து அடிச்சுக்குது. அதுல இருந்து யார் வண்டியா இருந்தாலும், என்ன வேலைக்கு வந்திருந்தாலும் கீழ பாத்துட்டு இருக்கறத சொல்லிருவேன், கோவிச்சுட்டுப் போறவங்க போகட்டும்.

சீட் பெல்ட் போட்டிருந்தா தப்பிச்சுரலாம்னு நெனைக்காதீங்க. பெல்ட் பாடியோட சேத்துத்தான் மாட்டியிருக்கு, பாடியே கழண்டு போனா பெல்ட் உங்களை எதோட பிடிச்சு வைக்கும்?

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 படி ஆர்சில இருக்கற விவரத்துல இருந்து மாறுற மாதிரி வண்டிய மாத்தக் கூடாது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் 182ஏ பிரிவுல ஓனருக்கு ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லாட்டி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ரெண்டும் சேத்துக்கூட வரலாம். ஆக்சிடென்ட்னு வந்தா இன்சூரன்ஸ்காரங்க மொதல்ல கேக்கறதும் இதைத்தான்.

"அப்ப உயரம் வேணும்னா என்னண்ணே பண்றது"ன்னு கேப்பீங்க. பத்து வருஷம் ஓடின வண்டில பாடி மவுண்ட் ரப்பர் அப்பளம் மாதிரி நசுங்கியிருக்கும், பின்னாடி ஸ்பிரிங் பட்டை தொங்கிப் போயிருக்கும், அதனாலதான் பாதி வண்டி தாழ்வா தெரியுது. ரப்பரை புதுசா மாத்தி, பட்டைய கழட்டி வளைவு குடுத்து மாட்டினாலே கம்பெனில இருந்து வந்த உயரம் திரும்பக் கிடைக்கும். கம்பெனி சைஸ்லயே நல்ல பட்டன் வச்ச ஆல் டெரைன் டயர் போடுங்க, சேத்துல மாட்டறதுல முக்கால்வாசி டயர் தேஞ்சதாலதான். மூட்டைய கொறைங்க. அந்தந்த மாடலுக்குன்னே செஞ்ச லிஃப்ட் கிட் விக்கறாங்க, ஒரே துண்டா வர்ற ஸ்பேசர், சரியான தரத்துல போல்ட், ஸ்டியரிங் எக்ஸ்டென்ஷன் எல்லாம் அதோட வரும், கட்டைக்கு அது எவ்ளோவோ மேல, ஆனா ஆளுங்களை ஏத்தி காட் ரோட்டுல ஓடற வண்டிக்கு அதையும் நான் போட்டுத் தர்றதில்ல.

பழைய வண்டி வாங்கினவங்க, முன்னாடி ஓனர் என்ன பண்ணி வச்சிருக்காருன்னு தெரியாதவங்க, இன்னைக்கே ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. சமதரைல நிறுத்தி டயருக்கு கல்லு வச்சுட்டு, ஒருத்தர் பாடிய பக்கவாட்டுல நல்லா ஆட்டட்டும், இன்னொருத்தர் பக்கத்துல குனிஞ்சு டார்ச் அடிச்சு பாடிக்கும் சேஸுக்கும் நடுவுல பாருங்க. மரம், பைப்பு, அடுக்கி வச்ச வாசர், வெட்டின டயர் ரப்பர் எது தெரிஞ்சாலும் அப்புறம் அதுல ஆள் ஏத்தாதீங்க. அடுத்து ஒருத்தர் ஸ்டியரிங்கை கடைசி வரைக்கும் ரெண்டு பக்கமும் திருப்பட்டும், அந்த ராடு சேர்ற இடத்துல புதுசா மினுமினுன்னு இரும்பு தெரிஞ்சா பல்லு வெளிய வந்துட்டு இருக்குன்னு அர்த்தம். பிரேக் பைப்பை தடவிப் பாருங்க, ஈரமா இருக்கா, எங்கயாவது உரசுதான்னு. சந்தேகம் இருந்தா எந்த ஒர்க் ஷாப்புக்காவது போய் தூக்கிப் பாக்கச் சொல்லுங்க, என்கிட்டதான் வரணும்னு இல்ல.

பூம்பாறை தம்பி வண்டிய மூணு நாள் வச்சிருந்தேன், புது ரப்பர், 8.8 போல்ட், புது பிரேக் பைப்பு, பழைய சைஸ் டயர். 31 இன்ச் டயரை அவரே வித்துட்டாப்ல. கழட்டின கட்டைகளை மட்டும் நான் தூக்கிப் போடல, கல்லா மேஜைல வச்சிருக்கேன். லிஃப்ட் பண்ணித் தாங்கன்னு பசங்க வந்தா, ஒரு கட்டைய கைல குடுத்து போல்ட் ஓட்டைப் பக்கத்துல நகத்தால அமுக்கிப் பாருன்னு சொல்றேன். நகம் உள்ள இறங்குது.