நடுங்கத் தெரியாத குட்டிகள்

சித்திரை மாதம், விடிகாலை ஐந்தரை மணி. ராஜபாளையம் வட்டாரத்தில் நாய்க்குட்டி எடுக்கும் பண்ணை ஒன்றில் ஈத்து விழுந்து 5 நாள் ஆகியிருந்தால், அன்றைய முதல் வேலை தராசில் தொடங்கும். சமையலறைக்கு வாங்கும் சாதாரண டிஜிட்டல் தராசு போதும், ஒரு கிராம் வரை காட்டினால் சரி. மேலே ஒரு பிளாஸ்டிக் கிண்ணி, அதில் மடித்த துணி, எண்ணைப் பூஜ்ஜியமாக்கிக்கொண்டு குட்டிகளை ஒவ்வொன்றாக உட்கார்த்த வேண்டும்.

ராஜபாளையம் நாயில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. 7 குட்டி பிறந்தால் ஏழும் பால் வெள்ளை, ஏழுக்கும் இளஞ்சிவப்பு மூக்கு. எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் கழுத்தில் ஆளுக்கொரு நிறத்தில் கம்பளி நூல். முடிச்சுக்குள் சுண்டுவிரல் நுழையும் அளவு தளர்வாகக் கட்டி, 2 நாளுக்கு ஒருமுறை அவிழ்த்துப் புதிதாகக் கட்ட வேண்டும். பிறந்த எடை 8 முதல் 10 நாளுக்குள் இரு மடங்காகும் உடம்பு அது, போன வாரம் கட்டிய நூல் இந்த வாரம் கழுத்தை இறுக்கிவிடும்.

முதல் நாளில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையக் கூடாது. இரண்டாம் நாளிலிருந்து தினம் 5 முதல் 10 சதவீதம் ஏற வேண்டும். 400 கிராம் குட்டிக்கு அது நாளொன்றுக்கு 20 முதல் 40 கிராம். குட்டியின் குரல் மாறுவதற்கு முன், வயிறு ஒட்டுவதற்கு முன், தராசு சொல்லிவிடும். எடை ஏறாமல் நின்ற குட்டிக்கு அடுத்த 24 மணி நேரம்தான் அவகாசம் என்று வைத்துக்கொள்வது நல்லது. நின்றதற்குக் காரணம் தேடினால் பெரும்பாலும் வந்து நிற்கும் இடம் ஒன்றே: உடம்புச் சூடு.

வளர்ந்த நாயின் உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். பிறந்த வாரத்தில் குட்டிக்கு அது வெறும் 35 முதல் 37.2. தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஏற்பாடு எதுவும் அதனிடம் இன்னும் வேலை செய்யத் தொடங்கவில்லை. குளிரில் நமக்கு உடல் நடுங்குவது தசைகளை உதறிச் சூடு உண்டாக்கும் வித்தை. நாய்க்குட்டிக்கு முதல் ஆறேழு நாள் அந்த நடுக்கமே வராது. தோலடிக் கொழுப்பும் மிகக் குறைவு. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், ஆகவே சூடு வேகமாக வெளியேறும். அதனிடம் உள்ள ஒரே உபாயம், சூடான எதையாவது தேடி ஊர்ந்து போய் ஒட்டிக்கொள்வது. தாய் வயிறு, உடன்பிறப்பின் முதுகு, எதுவானாலும் சரி.

இந்த வயதுக்கு, தாயும் குட்டிகளும் படுக்கும் பெட்டிக்குள் 30 முதல் 32 டிகிரி வேண்டும். இரண்டாம் வாரம் 27 முதல் 29 வரை போதும், நாலாம் வாரம் 24-க்கு இறக்கலாம். குளிர்நாட்டுக் கையேடுகள் எல்லாம் பெட்டிக்கு மேலே விளக்கைத் தொங்கவிடச் சொல்வது இதற்காகத்தான். விருதுநகர் மாவட்டத்துச் சித்திரையில் அதை அப்படியே செய்தால் பகல் 2 மணிக்குக் குட்டிகள் வெந்துவிடும். வெளியே 38, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் அதற்கும் மேலே. அதே கொட்டகையில் விடிகாலை 4 மணிக்கு 26 டிகிரி, மின்விசிறி ஓடுகிறது, அடியில் மூத்திரத்தில் நனைந்த துணி. அந்த நேரத்தில் குட்டி குளிர்ந்து போகும். ஒரே நாளில் குளிரும் வரும், வெக்கையும் வரும். கோடை ஈத்தின் தலைவலி இதுதான். முடிந்தவர்கள் தவிர்ப்பதே புத்திசாலித்தனம். சினைக்காலம் சுமார் 63 நாள், தை மாசியில் சேர்த்தால் குட்டி பங்குனி சித்திரையில் விழும் என்பது விரல்விட்டு எண்ணும் கணக்கு. ஆனால் பெட்டை 6, 7 மாதத்துக்கு ஒருமுறைதான் பருவத்துக்கு வரும். 2017-ஆம் ஆண்டு மத்திய அரசின் விதிகளோ அடுத்தடுத்த பருவங்களில் குட்டி எடுக்கக் கூடாது என்கின்றன. எல்லோருக்கும் மாதம் தோதுப்படுவதில்லை.

சூடு சரியா என்று பார்க்க வெப்பமானியைச் சுவரில் மாட்டிப் பயனில்லை. பெட்டியின் தரையில், குட்டி படுக்கும் உயரத்தில் வைக்க வேண்டும். அதைவிட நம்பகமானது குட்டிகள் படுத்திருக்கும் தினுசு. ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியலாகக் கிடந்து சிணுங்கினால் குளிர். ஆளுக்கொரு மூலையில், கால்களைப் பரப்பி, வாய் திறந்து கிடந்தால் வெக்கை. பக்கத்தில் பக்கமாக லேசாகத் தொட்டபடி தூங்கினால் சரி. அப்படித் தூங்கும்போது காது, கால், உதடு எல்லாம் சின்னச் சின்னதாகத் துள்ளும். புதிதாக வளர்ப்பவர்கள் வலிப்பு என்று பயந்து எழுப்பிவிடுவார்கள். அது நலமான குட்டியின் தூக்கம். துள்ளாமல் துவண்டு கிடப்பதுதான் கவலைக்குரியது.

பெட்டி விஷயத்துக்கு வருவோம். ராஜபாளையம் பெட்டைக்கு 4 அடிக்கு 4 அடி, சுவர் ஒன்றரை அடி. உள்ளே நாற்புறமும், தரையிலிருந்து 4 அங்குல உயரத்தில், சுவரை விட்டு 4 அங்குலம் தள்ளி ஒரு சட்டம். தாய் சுவரோரம் சாயும்போது நடுவில் குட்டி மாட்டினாலும் சட்டத்துக்கு அடியில் இடம் கிடைக்கும், நசுங்காது. அடிப்பலகை சிமென்ட் தரையைத் தொடாமல் கால் வைத்து உயர்த்தியிருக்க வேண்டும். விரிப்புக்குக் கோணிச் சாக்கு ஆகாது, நகம் நாரில் சிக்கும். செய்தித்தாள் வழுக்கும். வழுக்கும் தரையில் வளரும் குட்டி கால்களை உள்ளிழுத்து ஊன்ற முடியாமல் நீந்துவதுபோலவே ஊர்ந்து, நெஞ்சு தட்டையாகிவிடும். பழைய பருத்தித் துண்டை இழுத்துப் பலகைக்கு அடியில் செருகிவிடுவதே நல்லது. காலையும் மாலையும் மாற்ற வேண்டும்.

பகல் வெக்கைக்குக் கூரையில் சுண்ணாம்பு அடித்து மேலே தென்னங்கீற்று வேய்வது முதல் காரியம். காற்று வரும் பக்கத்துச் சன்னலில் ஈரச் சாக்கு தொங்கவிடலாம். தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டை எடுத்துக்கொள்கிறது, அதனால் உள்ளே வருவது குளிர்ந்த காற்று. இது காற்று காய்ந்திருக்கும் மதியத்தில் மட்டும் பலிக்கும். மலைப்பக்கம் கோடை மழை கொட்டிவிட்டுப் போன சாயங்காலத்தில் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும். சாக்கு நனைந்தபடியே இருக்கும், அறை குளிராது, புழுக்கம் மட்டும் ஏறும். தாய் நாய்க்கு அது இன்னும் மோசம். நாய்க்கு மேலெல்லாம் வியர்க்காது. நாக்கிலும் மூச்சுக்குழலிலும் ஈரம் ஆவியாவதை நம்பித்தான் அது மூச்சு வாங்கி இளைக்கிறது. அந்த நேரத்தில் சாக்கை எடுத்துவிட்டு விசிறியைக் குட்டிகள் மேல் படாமல் தாயின் பக்கம் திருப்புவதே வழி. பெட்டிக்கு வெளியே தாய்க்கென்று ஒரு குளிர்ந்த தரை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெக்கை தாங்காமல் எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளும், குட்டிகளுக்குப் பால் தவறும். இப்படி விலகிப் படுக்கும் தாயைக் குட்டியை ஒதுக்கிவிட்டது என்று திட்டுவது அநியாயம்.

வெக்கையில் குட்டிக்கு வரும் ஆபத்து நீர் வற்றல். உடம்பில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர், மூத்திரத்தைச் சுண்டவைத்து நீரை மிச்சப்படுத்தும் திறமை சிறுநீரகத்துக்கு இன்னும் வரவில்லை. பெரிய நாய்க்குச் செய்வதுபோலத் தோலைக் கிள்ளிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் துடைத்தால் குட்டி மூத்திரம் பெய்யும் (தாய் நக்கினால்தான் பெய்யும், தானாகப் பெய்ய 3 வாரம் ஆகும்). வெள்ளைப் பஞ்சில் அது நிறமில்லாமல் இருக்க வேண்டும். மஞ்சள் தெரிந்தால் குட்டிக்குத் தண்ணீர் போதவில்லை.

குளிர்ந்து போன குட்டியிடம் செய்யும் தவறு வேறு. சோர்ந்து கிடக்கிறதே என்று உடனே பாலைப் புகட்டுவார்கள். உடம்பு 34.5 டிகிரிக்குக் கீழே போனால் குடல் அசைவது நின்றுவிடும். புகட்டிய பால் செரிக்காமல் வயிற்றில் கெடும், உறிஞ்சும் வலு இல்லாததால் நுரையீரலுக்குள்ளும் இறங்கும். முதலில் சூடு, அப்புறம் பால். குட்டியைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஒன்று முதல் மூன்று மணி நேரம் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். அடுப்போரம் வைத்து அவசரப்பட்டால் தோலின் ரத்தக் குழாய்கள் சட்டென விரிந்து, உள்ளுறுப்புகளுக்குப் போகும் ரத்தம் குறைந்து, பிழைக்க வேண்டியதும் போய்விடும்.

சூடு வந்தபின் என்ன பால்? தாய்க்குப் பால் போதாதபோது கைக்கு எட்டுவது பசும்பால். நாய்ப்பாலில் கொழுப்பு சுமார் 9 சதவீதம், புரதம் 7 முதல் 9. பசும்பாலில் இரண்டுமே 3, 4 சதவீதம்தான், பால் சர்க்கரையோ நாய்ப்பாலைவிட அதிகம். ஆகவே வயிறு நிறையும், எடை ஏறாது, கழிச்சல் வரும். தண்ணீர் கலந்து கொடுத்தால் இன்னும் கெட்டது. நாய்க்குட்டிக்கென்று விற்கும் பால்பொடியை 38 டிகிரி சூட்டில், குட்டியைக் குப்புற வைத்தே கொடுக்க வேண்டும். மனிதக் குழந்தையைப் போல மல்லாத்திக் கொடுத்தால் புரையேறும். முதல் 24 மணி நேரத்துச் சீம்பாலுக்கு மட்டும் எந்தப் பொடியும் ஈடில்லை. தாயின் எதிர்ப்புச் சக்தியில் மிகப் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் வருகிறது. ஒரு நாள் கழிந்தால் குடல் அதை உள்ளே விடாது. வலுவில்லாத குட்டியை முதலில் பின்வரிசைக் காம்பில் பிடித்து வைப்பது இதனால்தான்.

உடம்புச் சூடு குறைவாக இருப்பதில் ஒரு மறைமுகக் கேடும் உண்டு. நாய்களைத் தாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் 37 டிகிரிக்குக் கீழேதான் நன்றாகப் பெருகும். பெரிய நாய்க்கு லேசான சளியோடு போகும் அந்த நோய், 3 வாரத்துக்கு உட்பட்ட குட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்த்துவிடும். சினையின் கடைசி 3 வாரமும் பிறந்தபின் 3 வாரமும் வெளி நாயையும் வேடிக்கை பார்க்க வருபவர்களையும் கொட்டகைக்குள் விடாத பண்ணையைக் கர்வம் பிடித்தது என்று சொல்லக் கூடாது.

தாய் நாய் இளைப்பதை வைத்து ஏமாறுவதும் சித்திரையில்தான். ஈன்று 2, 3 வாரத்தில் பால் உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் கால்சியம் சரிந்தால் அதுவும் இளைப்பில் தொடங்கும். வெயில் என்று விட்டுவிடுவார்கள். குளிர்ந்த தரையில் படுக்க வைத்து விசிறி போட்டும் இளைப்பு அடங்காமல், நிலைகொள்ளாமல் நடந்து, பின்னங்கால் விறைத்து, முகத் தசை துடித்தால் அது வெயில் இல்லை. குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். ஊசியில் கால்சியத்தை இதயத் துடிப்பைக் கவனித்தபடி மெல்ல ஏற்றுவது அவர் வேலை. சினையாக இருக்கும்போதே கால்சியம் டானிக் கொடுத்தால் இதைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கை ஊரெங்கும் உண்டு. நடப்பது நேர்மாறு. வெளியிலிருந்து தாராளமாகக் கிடைத்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தரும் சுரப்பி வேலையைக் குறைத்துக்கொள்ளும். பால் சுரக்கத் தொடங்கித் தேவை திடீரென ஏறும்போது அதனால் ஈடுகொடுக்க முடியாது.

14-ஆம் நாள் முதல் குடற்புழு மருந்து, பிறகு 4, 6, 8 வாரங்களில். மண்ணே மிதிக்காத குட்டிக்கு ஏது புழு என்று கேட்பவர்கள் உண்டு. உருண்டைப்புழுவின் இளம் பருவம் தாயின் தசையில் உறங்கிக் கிடந்து, சினையின் 42-ஆம் நாள் வாக்கில் நஞ்சுக்கொடி வழியே கருவுக்குள் போகிறது. கொக்கிப்புழு பாலில் வருகிறது. ஈறு வெளுத்து, சாணி தார்போலக் கறுத்தால் கொக்கிப்புழு ரத்தம் குடிக்கிறது என்று அர்த்தம். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, தராசுக் குறிப்பு இங்கேயும் உதவும்.

கண் திறப்பது 10 முதல் 14 நாளில். காதுத் துளை திறப்பது அதற்குச் சில நாள் கழித்து. வெள்ளை நாய்களில் செவிட்டுக் குட்டி பிறக்க வாய்ப்பு உண்டு. தோலுக்கு நிறம் தரும் அதே வகைச் செல்கள் உட்காதிலும் வேண்டும், அங்கே அவை இல்லாவிட்டால் ஒலியை உணரும் செல்கள் சில வாரங்களில் செத்துவிடும். கூட்டத்தில் வைத்துக் கை தட்டிச் சோதித்தால் தெரியாது. செவிட்டுக் குட்டி மற்றவை எழுவதைப் பார்த்து எழுந்துகொள்ளும். 5 வாரம் ஆனபின் தனியாகத் தூங்கும்போது, காற்றோ தரை அதிர்வோ படாத தூரத்தில் நின்று தட்டைத் தட்டிப் பார்க்க வேண்டும். ஒரு காது மட்டும் கேளாத குட்டி இதிலும் தப்பிவிடும், அதற்கு மூளை அலையைப் பதிவு செய்யும் கருவி தேவை.

மூன்று வாரம் ஆனதும் நடுக்கம் வந்துவிடும், இளைக்கவும் தெரிந்துவிடும். பகலில் குட்டிகள் தாமாகவே பெட்டியின் விளிம்பைத் தாண்டப் பார்க்கும். அன்றைக்கு ஒரு பக்கத்துச் சுவரில் பலகை ஒன்றைக் கழற்றிவிட்டால், மதியம் தாய் படுக்கும் சிமென்ட் தரையில் ஏழும் வரிசையாகக் கிடக்கும்.